ஹெய்ன்வில் கோர்ட்டுல ஒரு திருவிருந்து

அலபாமால மான்ட்கோமெரியிலேருந்து கார்ல அரை மணி நேரம் போனா ஹெய்ன்வில். சின்ன ஊரு, நடுவுல வெள்ளையா ஒரு கோர்ட் கட்டடம், அவ்ளோதான். எபிஸ்கோபல் சபைக்காரங்க வருஷா வருஷம் ஆகஸ்ட்ல இங்க ஒரு யாத்திரை நடத்துறாங்க, ஜோனத்தன் டேனியல்ஸுங்கற இரத்தசாட்சியை நினைச்சு. நாங்க சிஎஸ்ஐ, அவங்களும் ஆங்கிலிக்கன் குடும்பம்தானே, ஆராதனை முறை ஒண்ணும் புதுசா இருக்காதுன்னு வீட்டுக்காரியையும் கூட்டிட்டு கெளம்பிட்டேன்.

டேனியல்ஸ் போதகர் ஆகறதுக்கு மாசசூசெட்ஸ்ல ஒரு செமினரில படிச்சிட்டிருந்தவர். 1965 மார்ச்ல அலபாமாவோட செல்மா ஊர்ப் பாலத்துல ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களை போலீஸ் அடிச்சு நொறுக்கினப்போ, எல்லா சபைப் போதகர்களும் வாங்கன்னு மார்ட்டின் லூதர் கிங் கூப்பிட்டாரு. போகலாமா வேணாமான்னு இவர் யோசிச்சிட்டே இருந்தப்போ மாலை ஆராதனைல மரியாளோட பாட்டு வருது, "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்". அதைக் கேட்டதும் முடிவு பண்ணிட்டாராம். சின்ன வயசுலேருந்து நாமளும் அதைப் பாடிட்டுதான் இருக்கோம், பாடி முடிச்சிட்டு உக்காந்துடுறோம்.

சில நாள்ல திரும்பிடலாம்னுதான் போனாரு, ஆனா திரும்பற பஸ்ஸை விட்டுட்டு, வந்துட்டு உடனே ஓடிப்போனா இந்த ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு தோணி அங்கேயே ஒரு கறுப்பினக் குடும்பத்தோட தங்கிட்டாரு. செல்மால இருந்த வெள்ளைக்காரங்களோட எபிஸ்கோபல் சபைக்கு கறுப்பினப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா முதல்ல உள்ள விடல, அப்புறம் விட்டாலும் கடைசி வரிசைதான். நம்ம ஊர் சபைகள்ல யாருக்கு எந்தப் பக்கம் இடம்னு இருந்த கதையெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு இது அமெரிக்கா விஷயமாவே தெரியாது.

யாத்திரை கோர்ட் வாசல்லேருந்து ஆரம்பிச்சு முதல்ல பழைய ஜெயிலுக்குப் போகுது. அந்த வருஷம் ஆகஸ்ட் 14 அன்னிக்கு பக்கத்து ஊர் ஃபோர்ட் டெபாசிட்ல வெள்ளைக்காரக் கடைகளை எதிர்த்து மறியல் பண்ண டேனியல்ஸையும் மத்தவங்களையும் பிடிச்சு குப்பை லாரியில ஏத்தி இங்கதான் கொண்டாந்து அடைச்சாங்க. எல்லாரையும் விட்டாத்தான் நானும் வெளிய வருவேன்னு டேனியல்ஸ் ஜாமீன் வேணாம்னுட்டாரு. உள்ளேருந்து அம்மாவுக்கு பிறந்தநாள் வாழ்த்து எழுதினாராம், சாப்பாடு கேவலமா இருக்கு, குளிக்க விடமாட்டேங்குறாங்கன்னு. எனக்கு அவரோட இறையியலை விட இந்த லெட்டர்தான் ரொம்ப நெருக்கமா இருந்துச்சு, 26 வயசுப் பையன் வேற எப்படி எழுதுவான்.

அங்கேருந்து பாட்டுப் பாடிக்கிட்டே டேனியல்ஸைச் சுட்டுக் கொன்ன கடை இருந்த இடத்துக்கு நடக்கறோம், வெயில்னா அப்படி ஒரு வெயில், அலபாமால அந்த வருஷம் கொல்லப்பட்ட மத்தவங்க படங்களையும் ஏந்திட்டு வர்றாங்க, ஜிம்மி லீ ஜாக்சன், போதகர் ஜேம்ஸ் ரீப், வயோலா லியுஸோ. ஆகஸ்ட் 20 அன்னிக்கு திடீர்னு எல்லாரையும் விட்டுட்டாங்க, கூட்டிட்டுப் போக வண்டி இல்ல, தாகம், நாலு பேர் குளிர்பானம் வாங்க அந்தக் கடைக்குப் போனாங்க. டேனியல்ஸ், சிகாகோலேருந்து வந்த கத்தோலிக்கக் குருவானவர் ரிச்சர்ட் மாரிஸ்ரோ, கறுப்பினப் பொண்ணுங்க ரெண்டு பேரு. வாசல்ல டாம் கோல்மன்ங்கற உள்ளூர் வெள்ளைக்காரன் துப்பாக்கியோட நிக்கறான். 17 வயசு ரூபி சேல்ஸைக் குறி பார்த்ததும் டேனியல்ஸ் அந்தப் பொண்ணைத் தள்ளிவிட்டுட்டு குண்டைத் தான் வாங்கிட்டாரு. அங்கேயே உயிர் போயிடுச்சு. இன்னொரு பொண்ணோட கையைப் பிடிச்சு ஓடின குருவானவருக்கு முதுகுல குண்டு, பெரிய ஆபரேஷன் பண்ணி எப்படியோ பிழைச்சாரு. கடை இப்போ இல்ல, ஒரு நினைவுப் பலகைதான். அங்க முழங்கால் போட்டப்போ எனக்கு ஜெபம்னு ஒண்ணும் வரல, சும்மாதான் இருந்தேன்.

அப்புறம் திரும்ப கோர்ட்டுக்கு. இதே ஹால்லதான் கோல்மன் வழக்கு நடந்துச்சு, ஜூரி மொத்தமும் வெள்ளைக்கார ஆம்பளைங்க, தற்காப்புக்குச் சுட்டான்னு விடுதலை பண்ணிட்டாங்க. கொலை மிரட்டலுக்கு நடுவுல ரூபி சேல்ஸ் சாட்சி சொன்னாங்க (பின்னாடி டேனியல்ஸ் படிச்ச அதே செமினரிலயே போய்ப் படிச்சாங்க). அந்த ஜட்ஜ் உக்காந்த இடத்தையே பீடமாக்கி அப்பமும் ரசமும் வைக்கிறாங்க. ஜூரி பெட்டிக்குப் பக்கத்துல கை நீட்டி அப்பம் வாங்கினப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு, உண்மையச் சொல்லணும்னா கோவமும் வந்துச்சு. ஜூரில கறுப்பினத்தவங்களையும் பெண்களையும் ஒதுக்கினது செல்லாதுன்னு அடுத்த வருஷம், 1966ல, ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு, அதுவும் ஹெய்ன்வில் இருக்கற இந்த லவுண்டஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) விஷயமாத்தான்.

போறவங்க கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க, கோர்ட் ஹால் சின்னது, கூட்டம் ஜாஸ்தி. தொப்பியும் தண்ணி பாட்டிலும் கட்டாயம். செல்மாவும் பக்கம்தான், ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஒரு நாள் கூடுதலா வச்சுக்கிட்டா அந்தப் பாலத்தையும் அந்த ஊர்வலங்க கெளம்பின பிரவுன் சாப்பல் சர்ச்சையும் பார்த்துட்டு வந்துடலாம்.