பதினாறாம் நாளுக்குப் பிறகு: ஒரு தொடர்கதை எழுதிப் பார்த்த அனுபவம்

வாரந்தோறும் கதை நகர வேண்டும். துக்கத்தில் இருப்பவரோ இருந்த இடத்தை விட்டு அசைய மறுப்பார். தொடர்கதையில் துக்கத்தை எழுத முனைபவர் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கும் ஒரு குடும்பத்தில், ஐப்பசி மாதத்தில் தகப்பனார் திடீரென இறந்துவிடுகிறார். அவர் மனைவி செண்பகம், கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகன், இறந்தவரின் தாயாரான ஆச்சி ஆகிய நால்வரும் அடுத்த ஓராண்டை எப்படிக் கடக்கிறார்கள் என்பதே நான் எழுதிவரும் தொடரின் கதை. வாரம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் இரவு நேரங்களில் எழுதி, வாசிப்பில் ஈடுபாடுள்ள சில நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிவருகிறேன். கதை இப்போது மார்கழியை எட்டியிருப்பதால், இதுவரை கைகொடுத்தவற்றையும் கைகொடுக்காதவற்றையும் எழுதிவைக்க இது ஏற்ற நேரம் என்று தோன்றுகிறது.

சாவைக் கதையின் எந்த இடத்தில் வைப்பது என்பதே முதலில் எடுக்க வேண்டியிருந்த முடிவு. அதை இறுதிக்குத் தள்ளிவைக்கத்தான் தொடர்கதை என்ற வடிவம் நம்மைத் தூண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1840-41இல் வாரத் தொடராக எழுதிய ஒரு கதையில், நெல் என்ற சிறுமியைச் சாகவிட்டுவிடாதீர்கள் என்று வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதி மன்றாடினார்கள். சாவு வந்துவிடுமோ என்ற அச்சம் வாசகரை எவ்வளவு இறுகப் பிடித்துவைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆனால் எனக்கு எழுத வேண்டியிருந்தது சாவுக்குப் பிந்தைய வீடு. ஆகவே முதல் அத்தியாயம் தொடங்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டிருக்கிறார். வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். இதனால் கிடைத்த நன்மை, அவரைப் பற்றி வாசகர் அறிவதெல்லாம் மற்றவர்களின் பேச்சு வழியாகவே என்பதாகும். அவர் எப்படிப்பட்டவர் என்பதில் மனைவிக்கும் தங்கைக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை என்பது தானாகவே கதையின் ஓர் இழையாகிவிட்டது.

கதைக்குத் திட்டம் வகுக்கும்போது, மறுத்தல், கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றல் என்று பலரும் ஒப்பிக்கும் ஐந்து படிகளை எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை முன்வைத்தது தீராத நோயால் சாவை எதிர்நோக்கியிருந்தவர்களுடன் பேசியதன் அடிப்படையில். இறந்தவரை இழந்து எஞ்சியிருப்பவர்களின் துக்கத்துக்கும் அதையே நீட்டியது பிற்பாடு நடந்தது. அந்த வரிசையில் எழுதிப் பார்த்தால் செண்பகம் ஒரு மனுஷியாக இல்லாமல் பாடத்திட்டமாக மாறினாள். 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த மாதிரி எனக்கு மிகவும் பயன்பட்டது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வைச் சீர்செய்யும் பக்கமுமாக மாறி மாறிப் போய்வருவார், இரண்டிலிருந்தும் இடையிடையே ஒதுங்கியும் இருப்பார் என்பது அதன் சாரம். அதைப் படித்த பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரே அத்தியாயத்துக்குள் செண்பகம் அழவும் வேண்டும், உளுந்து விலையைப் பேரம் பேசவும் வேண்டும். அழுகை அதிகாரம், தெளிவு அதிகாரம் என்று தனித்தனியே பிரித்து எழுதுவதில்லை.

தொடர்கதைக்கே உரிய இன்னொரு தொல்லை முன்கதை. ஒரு வார இடைவெளியில் வாசகர் பாதியை மறந்திருப்பார்; அவருக்கு நினைவூட்ட வேண்டும். ஆனால் துக்கக் கதையில் ஒவ்வொரு வாரமும் முன்கதைச் சுருக்கம் போட்டால், ஒவ்வொரு வாரமும் அந்த மனிதரை மறுபடி சாகடித்து அறிவிப்பது போலாகும். இதற்கு வழி எங்கள் பக்கத்து வழக்கத்திலேயே இருந்தது. துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருபவர்கள் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "எப்படி நடந்துச்சு?" என்பதுதான். தொலைவில் இருப்பவர்கள் தாமதமாக வருவார்கள். பல குடும்பங்களில் செவ்வாயும் வெள்ளியும் துட்டி கேட்கப் போவதில்லை என்பதால் மற்ற நாட்களில் கூட்டமாகச் சேர்ந்து வருவார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டுப் பெண் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அதையே முன்கதையாக்கினேன். முதல் வாரத்தில் செண்பகம் சொல்வது நீளமானது. காலையில் அவர் கேட்ட காப்பி, சட்டையை மாட்டும்போது தோள் வலிக்கிறது என்றது, ஆட்டோக்காரர் திரும்பிய வழி, மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தது என்று எல்லாம் வரும். அடுத்தடுத்த வாரங்களில் அதே கதை சுருங்குகிறது, சொல்லிச் சொல்லிச் சில வாக்கியங்கள் தேய்ந்து மாறாத வடிவம் பெறுகின்றன, தோள் வலி மட்டும் விடுபட்டுப் போகிறது, ஏனெனில் அதைக் கேட்டதும் ஓர் உறவினர், "அப்பமே கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?" என்றுவிட்டார். கார்த்திகை பிறந்த பிறகு ஒருவர் வந்து கேட்கும்போது, அம்மா வாய் திறப்பதற்கு முன்பே மகள், "நெஞ்சுவலி மாமா, காலைல எட்டு மணிக்கு" என்று முடித்துவிடுகிறாள். தொடரில் குடும்பம் தாங்கிப் பிடிப்பதை நான் எழுதிய இடங்களில் இதுதான் எனக்கு நிறைவானது. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

வாசித்தவர்கள் தொடக்கத்தில் கேட்டது, செண்பகத்தின் அண்ணன் தங்கையிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது. அந்தத் தாய்மாமனை நான் வேண்டுமென்றே அப்படித்தான் எழுதுகிறேன். பேசத் தெரியாத மனிதர் அவர். ஆனால் அலைவது முழுதும் அவர்தான். 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் இறப்புப் பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பதை விசாரித்து வைத்திருப்பவரும், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு மருமகனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிறவரும், வங்கியில் எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு வருகிறவரும் அவரே. துக்க வீட்டில் கண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளப் பலர் வருவார்கள், காகிதத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒருவர் கிடைத்தால் அது பெரும்பேறு. அலுவலக வரிசை அத்தியாயங்கள் சலிப்பூட்டும் என்று பயந்தேன். மாறாக, அவற்றைத்தான் வாசகர்கள் தங்கள் சொந்த அனுபவங்களோடு திருப்பி அனுப்பினார்கள்.

ஒப்பாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்பாரியைக் கதையில் வைப்பவர்கள் பெரும்பாலும் அதை ஒலிக்கும் பின்னணியாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் இறந்தவரை விளித்துப் பாடும் சாக்கில், உயிரோடு சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் நேரில் சொல்ல முடியாததைப் பெண்கள் சொல்லும் இடம் அது. சீர் கிடைக்காதது, பிறந்த வீடு மறந்தது, பங்காளி செய்தது எல்லாம் அதில் வரலாம். அதற்காகப் பாடியவளோடு யாரும் சண்டைக்குப் போக முடியாது. இறந்தவரின் தங்கைக்கு நான் இப்படி நான்கு வரி கட்டினேன்:

வாசல் நெறைய சனமிருக்கு, என் கூடப்பொறந்த ராசாவே,
வாம்மான்னு சொல்ல நீயில்லையே;
பொறந்த வீடுன்னு நான் வருவேன், இனிமேலு
போயிட்டு வான்னு சொல்ல ஆளில்லையே.

கேட்டுக்கொண்டிருக்கும் செண்பகத்துக்கு இது குத்துகிறது: "நான் இருக்கேன்லா, வாங்கன்னு சொல்ல மாட்டேனா?" ஆனால் அன்றைக்கு அவள் அதைச் சொல்ல முடியாது. பல வாரங்கள் கழித்து, திருக்கார்த்திகைக்கு நாத்தனாரை அவளே தொலைபேசியில் கூப்பிடுவதுதான் அதற்கான பதில். தொடர்கதை என்பதால் ஒரு வரிக்கும் அதன் பதிலுக்கும் நடுவே வாசகருக்கும் உண்மையிலேயே பல வாரங்கள் கழிந்திருக்கின்றன. ஒரே மூச்சில் படிக்கும் நாவலில் இந்தத் தாமதத்துக்கு இத்தனை எடை கிடைத்திருக்காது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, உற்றவரையோ உடைமையையோ இழப்பது, முன்பிருந்த நல்ல நிலையிலிருந்து தளர்வது, பொருள் இல்லாமை என்று இவற்றை விரிக்கலாம். பதினாறாம் நாள் வரை என் கதையில் இருந்தது இழவு மட்டுமே. கருமாதி முடிந்து, பந்தலைப் பிரித்து, உறவினர்கள் பேருந்து ஏறிய பிறகே மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன என்பதைக் கவனித்ததும் தொடரின் பின்பகுதி முழுவதற்கும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. அடைமழைக் காலம் என்பதால் இட்ட அப்பளம் காய்வதில்லை. கையில் காசு இல்லை. கணக்கு வழக்கை அவர் தலையிலேயே வைத்திருந்ததால் எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் பதினாறு நாட்களும் அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் வந்துகொண்டே இருந்த அந்த வீட்டுக்கு, உண்மையில் துணை தேவைப்படும் காலத்தில் யாரும் வருவதில்லை. இதற்காக நான் யாரையும் கெட்டவராக்கவில்லை; அவரவர் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, வேலை உண்டு. துணை வற்றுவதைப் பழி போடாமல் எழுதுவதுதான் இந்தத் தொடரில் நான் கற்றுக்கொண்டிருக்கும் கைவேலை.

அத்தியாயத்தின் முடிவில் வாசகரை இழுத்து நிறுத்தும் கொக்கிக்கு இரகசியக் கடிதமோ இரண்டாம் குடும்பமோ வேண்டாம் என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டேன். முடிக்க வேண்டிய சிறு வேலையே போதுமான கொக்கி என்பது எழுத எழுதத் தெரிந்தது. மிக நன்றாக அமைந்தது இறந்தவரின் கைப்பேசி. எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் எண்ணோடு இணைந்திருப்பதால் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அதை அணைக்க முடியாது. மகன் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். அப்பாவிடம் பேச வேண்டும் என்று செய்தி தெரியாத ஒரு வியாபாரி அழைக்கிறார். ரீசார்ஜ் காலம் முடியப்போகிறது என்ற குறுஞ்செய்தியோடு ஓர் அத்தியாயத்தை நிறுத்தினேன். அந்த வாரம் வந்த பதில்கள் எல்லாம், பணம் கட்டினார்களா என்பதைக் கேட்டே வந்தன.

உரையாடலை வட்டார வழக்கிலும், மற்றதை எழுத்து வழக்கிலும் வைத்திருக்கிறேன். துக்கத்தை எழுத்துத் தமிழில் பேசவைத்தால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. ஆச்சி மருமகளைப் பார்த்து, "ஏட்டி, ரெண்டு வாய் சாப்பிடு, பிள்ளைகளும் உன்னயப் பாத்துட்டு இருக்கு" என்பதற்கு மேல் அவளிடம் எந்த ஆறுதலையும் எதிர்பார்க்க முடியாது. மகனைப் பறிகொடுத்தவள் அவளும்தான் என்பதை வீட்டார் மறந்துவிடுவதை மட்டும் நான் மறக்காமல் இருக்க வேண்டும். வாசித்த தோழி ஒருவர் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்.

காலக்கணக்கு குறித்து ஒரு குறிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, நீடித்த துக்கக் கோளாறைக் கண்டறிய இழப்புக்குப் பின் ஆறு மாதமாவது கழிந்திருக்க வேண்டும் என்கிறது. 2022இல் திருத்தி வெளியிட்ட அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் வளர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. எங்கள் வீடுகளில் மாசியம், தலைத்திவசம் என்று ஓராண்டு வரை துக்கத்துக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். மார்கழியிலும் செண்பகம் அழுகிறாளே, அவளை ஒரு மருத்துவரிடம் அனுப்பக் கூடாதா என்று கேட்டவருக்கு, இன்னும் இரண்டு மாதம்தானே ஆகியிருக்கிறது என்று பதில் எழுதினேன். ஆனால் மகன் விஷயத்தில் எனக்கே உறுதி இல்லை. அவன் இதுவரை ஓர் இடத்திலும் அழவில்லை. தேர்வு வேறு நெருங்குகிறது. அவனைப் பள்ளியில் யாராவது ஒருவர் தனியே அழைத்துப் பேசும் அத்தியாயம் ஒன்று வேண்டும்.

அடுத்து எழுத வேண்டியது தை. அந்த ஆண்டு அவர்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. உறவினர்கள் கொண்டுவருவதுதான் பலகாரம். தை பிறந்ததும் கல்யாண வீடுகளின் அப்பள ஆர்டர் வரத் தொடங்கும், வெயிலும் திரும்பிவிடும். கல்யாண ஆர்டர் ஒன்றைக் கொடுக்க வருபவர், சரக்கை வீட்டுக்குக் கொண்டுவரும்போது "மகள அனுப்புங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தொல்காப்பியம் முதலில் வைத்த இளிவு என் கதைக்குள் கடைசியாக நுழையும் இடம் இது. அந்த ஆர்டரை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் செண்பகம். எதிர்த்துப் பேச நினைப்பவள் மகள். பணம் வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பவர் தாய்மாமன். மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து எழுதிய வரைவில் மகளின் பேச்சு நீண்டுவிட்டது. இப்போது அதை வெட்டி, ஆச்சி கூடைகளைத் தூக்கிக்கொண்டு தானே புறப்படுவதாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.