பூச்சந்தையும் ‘ஃபிளவரி மார்க்கெட்’டும்

நாகர்கோவிலில் மாலை நேரங்களில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், பெயர்ச்சொல்லின் இறுதியில் ‘ஒய்’ எழுத்தைச் சேர்த்தால் பெயரடை கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். விண்ட் விண்டியாகிறது, சாண்ட் சாண்டியாகிறது, ராக் ராக்கியாகிறது. அந்த வழியிலேயே, பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி ‘ஃபிளவரி மார்க்கெட்’ என்று எழுதியிருந்தாள். ஃபிளவரி என்பது பூப்போட்ட துணிக்கும், அலங்காரம் மிகுந்த சொல்நடைக்கும் உரிய சொல். பூ விற்கும் இடம் ‘ஃபிளவர் மார்க்கெட்’ தான்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தமிழே போதும் என்பது என் உறுதியான எண்ணம். பூச்சந்தை, கடல்மீன், மரக்கதவு என்று வகையைச் சுட்டும்போது நாம் பெயரையே முன்னால் வைக்கிறோம். ‘பூவான சந்தை’ என்று எவரும் சொல்வதில்லை. காரமான குழம்பு, அழகான ஊர் என்று தன்மையைச் சொல்லும்போதுதான் ‘ஆன’ வருகிறது. ஆங்கிலமும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: முப்பந்தல் காற்றாலைகள் தருவது ‘விண்ட் எனர்ஜி’, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று அள்ளி வீசும் நாளோ ‘விண்டி டே’. கழுத்தில் கிடப்பது ‘கோல்ட் செயின்’. கன்னியாகுமரியில் சூரியன் எழும்போது வானம் கொள்ளும் நிறம் ‘கோல்டன்’. பன்மையிலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. பூக்கள் பல இருந்தாலும் பூச்சந்தை என்பதுபோல, அங்கும் ‘ஃபிளவர்ஸ் மார்க்கெட்’ ஆவதில்லை. பத்தடிச் சுவர் ‘டென்-ஃபுட் வால்’ தான், ஃபீட் அன்று. ‘ஸ்போர்ட்ஸ் டே’ போன்ற சில மட்டும் விலக்கு.

விகுதிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டேஞ்சர் டேஞ்சரஸ் ஆவதும், நேஷன் நேஷனல் ஆவதும் படிக்கப் படிக்கப் பழகிவிடும். ஒரே பெயரிலிருந்து இரண்டு பெயரடைகள் பிறக்கும் இடத்தில்தான் நின்று விளக்க வேண்டும். 1741-இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போர், வரலாற்றில் தடம் பதித்ததால் ‘ஹிஸ்டாரிக்’; அந்தப் போரைப் பற்றிய ஆவணம், கடந்த காலத்தைச் சார்ந்தது என்பதால் ‘ஹிஸ்டாரிக்கல்’. சிக்கனமான வண்டி ‘எகனாமிக்கல்’, பொருளாதாரக் கொள்கை ‘எகனாமிக்’. குழந்தையின் கள்ளமின்மையைப் போற்றினால் ‘சைல்ட்லைக்’, வளர்ந்தவரின் சிறுபிள்ளைத்தனத்தைக் குறை சொன்னால் ‘சைல்டிஷ்’.

வேறு சில பெயர்களுக்கு ஆங்கிலம் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயரடையையும் வைத்திருக்கிறது: சன்னுக்குச் சோலார், மூனுக்கு லூனார், டூத்துக்கு டென்டல். வெயிலடிக்கும் நாள் ‘சன்னி’யாக இருக்க, கூரையில் பதித்த தகடு ‘சோலார் பேனல்’ ஆவது இதனால்தான்.

ஆகவே பெயரடையைத் தனிச்சொல்லாக எழுதவைக்கும் பயிற்சியை நான் கொடுப்பதில்லை. அது தழுவும் பெயரையும் சேர்த்து, தங்கள் ஊரைப் பற்றிய முழு வாக்கியமாகவே எழுதிவரச் சொல்கிறேன்.