டிரைவ் மவுண்ட் ஆகாவிட்டால் ஃபோமட் அடிக்காதீர்கள்

திருகோணமலையில் லினக்ஸுக்கு மாறுகிற தம்பி தங்கச்சிமார், டிரைவ் மவுண்ட் ஆகவில்லை (கணினியில் இணைந்து திறக்கவில்லை), அல்லது எழுத விடவில்லை என்றவுடன் தயவுசெய்து ஃபோமட் அடிக்காதீர்கள். நேற்று உவர்மலையில் ஒரு வீட்டில், பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படமெல்லாம் இருக்கிற டிரைவ், லினக்ஸ் மின்டில் திறக்கிறது, ஆனால் ஒன்றும் எழுத விடவில்லை. கடையில் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓனாக இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, கெர்னலை (விண்டோஸின் மையப் பகுதியை) உறக்கநிலையில் சேமித்துவிட்டு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) டிரைவைச் சரியாக மூடாமல் விட்டுவிடும், அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால் ஃபைல்கள் கெடலாம் என்பதால்தான் ரீட் ஒன்லியாக (வாசிக்க மட்டும்) நிற்கிறது. பவர் ஒப்ஷனில் அதை ஓஃப் செய்து, ஒழுங்காக அணைத்துவிட்டு மின்டுக்கு வந்தோம், சரி.

அப்புறம் கணினி தொடங்கும்போது எந்த டிரைவ்களை மவுண்ட் செய்வது என்று சொல்கிற எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் எழுதுகிறவர்கள், லினக்ஸ் டிரைவுக்கு வைக்கிற எஸ்டிபி1 (sdb1) போன்ற பெயரை நம்பாதீர்கள், இன்னொரு டிஸ்க் மாட்டினால் மாறலாம், டிரைவின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி (UUID) போடுங்கள். கழற்றி மாட்டுகிற டிரைவ் என்றால் அது இல்லாவிட்டாலும் தொடங்கு என்று சொல்கிற நோஃபெயில் (nofail) ஒப்ஷன் கட்டாயம், போடாவிட்டால் டிரைவ் இல்லாத நாளில் கணினி வழக்கம்போல் தொடங்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எதற்கும் முதலில் படங்களைக் கொப்பி எடுங்கள், ரீட் ஒன்லியிலும் எடுக்கலாம்.