கழற்ற வராத நெட்வொர்க் கார்டு

மார்ச் 3
ஒரு கணினிக்குள் போலிக் கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருளில் வேலை. அது ஓடும்போதே போலி நெட்வொர்க் கார்டைச் செருகினால் ஏறுகிறது. கழற்றினால் இறங்க மாட்டேன் என்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 4
எனக்கே நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது: கார்டைக் கழற்ற நான் கொடுக்கும் டிவைஸ் டெல் கட்டளை எதையும் கழற்றுவதில்லை. கேட்கிறது, அவ்வளவுதான். கேட்டுவிட்டு உடனே 'சரி' என்று திரும்பிவிடும். மனு போய்ச் சேர்ந்தது என்பதுதான் அந்தச் 'சரி'க்கு அர்த்தம். கெஸ்ட், அதாவது போலிக் கணினிக்குள் ஓடும் இயங்குதளம், தன் டிரைவரை விடுவித்து, கார்டு செருகிய ஸ்லாட்டின் மின்சாரத்தை நிறுத்தி, விளக்கை அணைத்த பிறகே நாம் கை வைக்கலாம். பழைய 440எஃப்எக்ஸ் வகைப் போலி மெஷினில் ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் முறை) வழியாகக் கெஸ்டைத் தட்டிக் கூப்பிடுவோம். புதிய வகையான க்யூ35-ல் அப்படியில்லை, ஸ்லாட் இருக்கும் ரூட் போர்ட்டில் ஒரு பட்டன். கையால் தொட முடியாத பட்டன். ஸ்லாட்டின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை ஏற்றி, யாரோ வந்து அழுத்தியதாக நடிக்கிறேன். கெஸ்ட் நம்புகிறது, பாவம்.

அதே நாள், இரவு
அந்தப் பட்டன்.

மார்ச் 6
பிடித்தேன்! கெஸ்ட் கெர்னல் லாகில் இரண்டே வரி. முதல் வரி, பட்டன் அழுத்தப்பட்டது என்கிறது. மூன்று நொடி கழித்து அடுத்த வரி: ரத்து. ரத்து செய்தது யார்? நான்தான். பதில் வரவில்லை என்று என் டெஸ்ட் ஸ்கிரிப்ட் மூன்றாவது நொடியில் இன்னொரு டெல் அனுப்பியிருக்கிறது. இரண்டாவது டெல் என்றால் இரண்டாவது அழுத்தல், இரண்டாவது அழுத்தல் என்றால் ரத்து. நிஜ சர்வருக்கு எழுதிய விதி இது. ஒருவர் தவறான ஸ்லாட்டில் அழுத்திவிட்டால், பச்சை விளக்கு மினுக்கும் அந்த 5 நொடிக்குள் மறுபடி அழுத்தி மனத்தை மாற்றிக்கொள்ளலாம். நல்ல விதி. ஆனால் இங்கே விளக்கும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. அவசரப்படும் ஒரு ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கிறது.

மார்ச் 7
கோரிக்கை நிலுவையில் இருந்தால் இரண்டாவது டெல்லை நிராகரித்துவிடு. நாலே வரி. நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 8
நிம்மதி போயிற்று. கெஸ்ட் பூட் ஆகிக்கொண்டிருக்கும்போது டெல் அனுப்பிப் பார்த்தேன். பட்டன் அழுத்தியதைக் கேட்க அப்போது யாரும் இல்லை. பிற்பாடு கெஸ்டில் ஹாட்பிளக் டிரைவர் (ஓடும்போதே செருகுவதையும் கழற்றுவதையும் கவனிப்பது) ஏறும்போது, ஸ்லாட்டில் கிடக்கும் பழைய நிகழ்வுகளைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. என் கோரிக்கையும் அதோடு போயிற்று. என் பக்கமோ 'நிலுவையில் உள்ளது' என்கிறது, என்றைக்கும் அப்படியேதான் சொல்லும். மறுபடி கேட்கவும் வழியில்லை, நேற்றைய நாலு வரி விடாது. நானே போட்ட பூட்டு.

மார்ச் 10
இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கியூஎமுவில் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நிலுவைக்குக் காலாவதி வைத்திருக்கிறார்கள். 5 நொடி தாண்டினால் மறுபடி கேட்கலாம். அதற்கு முன்பே, 2021-ல் வந்த 6.1 பதிப்பில், க்யூ35-க்கும் ஏசிபிஐ வழியையே இயல்பாக்கிவிட்டார்கள். பட்டனோடு போராடி அலுத்துப்போனது நான் மட்டுமில்லை போல. காலாவதியை நானும் எழுதினேன், ஒரு டைமரோடு.

மார்ச் 11
டிஸ்கைக் கழற்றினேன். கெஸ்ட் போய்விட்டது என்கிறது, பட்டியலிலும் இல்லை. ஆனால் அதே இமேஜை (டிஸ்காக நடிக்கும் ஃபைலை) மறுபடி செருகினால் ரைட் லாக், அதாவது எழுதும் உரிமை, கிடைக்கவில்லை. ஹோஸ்டில், அதாவது கெஸ்டைத் தாங்கும் நிஜக் கணினியில், ஃபைல் இன்னும் திறந்தே கிடக்கிறது. டிஸ்கை எத்தனை பேர் இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை 1. பூஜ்ஜியமாக வேண்டியது. யார் அந்த ஒன்று?

மார்ச் 12
யார் அந்த ஒன்று?

மார்ச் 12, நள்ளிரவு தாண்டி
என் டைமர். காலாவதியாகும் முன்பே கெஸ்ட் ஒழுங்காக விட்டுக்கொடுத்துவிட்டால் டைமரை நிறுத்துகிறேன், ஆனால் அது பிடித்திருக்கும் ரெஃபரன்ஸை விடுவதில்லை. கெஸ்ட் கையை எடுத்துவிட்டது, எடுக்காதது நான். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

மார்ச் 13
செருகு, கழற்று, செருகு. 1,000 சுற்று. எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியம். பேட்ச் (இந்தத் திருத்தம்) ரிவ்யூவுக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 14
பதில் இல்லை.

மார்ச் 15
பதில் இல்லை. நினைவூட்டி ஒரு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மறுபடி அழுத்தினால் ரத்தாகிவிடுமோ என்று தோன்றியது. எழுதவில்லை.

மார்ச் 16
ரிவ்யூ வந்தது. ஒரே கேள்வி: நிலுவையில் இருக்கும்போது மைக்ரேஷன் (ஓடும் கெஸ்டை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) நடந்தால்?

மார்ச் 17
யோசிக்கவே இல்லை. கெஸ்ட் எண்ணும் 5 நொடி அதன் மெமரிக்குள் இருக்கிறது, அதனால் கூடவே புது ஹோஸ்டுக்குப் போய்விடும். என் டைமர் ஹோஸ்டில் இருப்பது, நான் எழுதி அனுப்பாவிட்டால் போகாது. மீதி எத்தனை மில்லி நொடி என்று அனுப்பலாம். ஆனால் பேட்ச் இல்லாத பழைய பதிப்பு அதை வாங்கும்போது என்ன செய்யும்? இல்லை, டைமரே வேண்டாம், கேட்ட நேரத்தை மட்டும் குறித்து வைத்தால் ரெஃபரன்ஸும் தேவைப்படாது. அப்படியானால் அந்த நேரம் எந்த ஹோஸ்டின் கடிகாரம்?