வேலிக்கு அப்பால்: ஒரு ஸ்லோ பிட்ச் சீசனின் நாட்குறிப்பு

ஏப்ரல் 9, செவ்வாய்

ஸ்லோ பிட்ச் என்பது பந்தை மெதுவாக, வளைவாகப் போட்டு ஆடும் சாஃப்ட்பால். ஒஹையோவில் ஏப்ரல் மாலை ஆட்டம் என்றால் ஸ்வெட்டரோடுதான். இந்தக் குளிரில் காம்போசிட் (இழைகளைப் பிசினில் இறுக்கிச் செய்த) பேட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 15 செல்சியஸுக்குக் கீழே, அடிக்க வேண்டாம் என்று பல கம்பெனிகள் பேட்டோடு வரும் தாளிலேயே எச்சரிக்கின்றன. குளிரில் பந்து கல்லாக இறுகிவிடும். பேட்டின் சுவரோ வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து விரிசல் விடும். பழைய அலுமினிய பேட் ஒன்றைக் குளிர்காலத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

விரிசலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடலாம். 'டங்' என்று வந்த சத்தம் 'டொப்' என்று மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். கட்டைவிரல் நகத்தைத் தடித்த பகுதி முழுக்க மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டில் மட்டும் விழுந்த கோட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகும், சுவரில் விழுந்த விரிசலில் தட்டி நிற்கும். நுனி மூடி ஆடினாலும், உள்ளே ஏதோ கலகலத்தாலும் அந்த பேட் ஓய்வுபெற்றுவிட்டது என்று அர்த்தம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஸ்லோ பிட்ச்சில் பந்து தூரம் போவதற்கு, அதைப் போடும் பிட்ச்சர் தரும் உதவி மிகக் குறைவு. முழு விஷயமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிட்ச்சருக்கும், பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் பிளேட்டுக்கும் இடையே 50 அடி. யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிப்படி பந்து குறைந்தது 6 அடி, அதிகம் போனால் 12 அடி உயரத்துக்கு வளைந்து வர வேண்டும். யுஎஸ்எஸ்எஸ்ஏ என்ற இன்னோர் அமைப்பின் ஆட்டங்களில் 3 முதல் 10 அடி. 12 அடி உயரம் தொட்டு வரும் பந்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கையை விட்டு பேட்டுக்கு வர ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. பேட்டைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 27 மைல்தான். தரைக்கு 37 டிகிரி சாய்வில் இறங்குகிறது.

தோராயக் கணக்கு ஒன்று: பேட் வேகம் ஒரு மைல் கூடினால், அடிபட்டுக் கிளம்பும் பந்தின் வேகம் 1.2 மைல் கூடும். பிட்ச்சின் வேகம் ஒரு மைல் கூடினால் 0.2 மைல்தான் கூடும். ஆக, அடியின் பலம் முழுக்க பேட்டரின் உடம்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். பந்து மெதுவாக வருகிறதே என்று பாய்ந்து போய் அடிப்பவர்கள் கையை மட்டும் நம்பி அடிக்கிறார்கள். இடுப்பு அதற்குள் தன் வேலையை முடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று நேரம் பற்றி மட்டும்.

12 அடி உச்சியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கப் பந்துக்கு முக்கால் விநாடி பிடிக்கிறது. ஒரு ஸ்விங்குக்கு ஆகும் நேரம் சுமார் 0.2 விநாடி. மிச்சம் அரை விநாடிக்கும் சற்று மேல். பொழுதுபோக்கு லீக்குகளில் ஹோம் ரன்கள் (வேலிக்கு மேல் பறக்கும் அடிகள்) வீணாகும் இடம் அந்த அரை விநாடிதான். பந்து உச்சிக்குப் போனதுமே முன்காலை வைத்துவிடுகிறார்கள், எடை முன்னால் சாய்ந்துவிடுகிறது, அப்புறம் பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சரியான வரிசை இப்படி. பந்து உச்சியில் இருக்கும்போது எடை பின்காலின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும், கைகள் பின்தோள் பக்கம். பந்து இறங்கத் தொடங்கியதும் முன்காலை ஒரு சின்ன எட்டு, ஐந்தாறு அங்குலம் போதும், பெருவிரல் பக்கம் முதலில் படும்படி வைக்க வேண்டும். எடை இன்னும் பின்னால்தான். பந்து தலைக்கு மேல் ஓரடி உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஏழடிக்கு, இறங்கும்போது முன் குதிகால் அழுந்த வேண்டும். அந்த அழுத்தத்தில் இடுப்பு திரும்பும், அதன் பின்னால் தோள், கடைசியாகக் கை. முன்கால் விறைத்து நிற்க வேண்டும். முன் முழங்கால் மடங்கினால் இடுப்பின் சுழற்சி பேட்டுக்குப் போய்ச் சேராமல் முன்னோக்கி ஒழுகிவிடும்.

பின்கால் நுனிவிரலில் திரும்பி, ஷூவின் அடிப்பாகம் பின்னால் நிற்கும் கேட்ச்சருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இடுப்பு முழுதாகத் திரும்பவில்லை. வீடியோ எடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஷூவைத்தான்.

மே 5, ஞாயிறு

நிற்கும் இடம். பேட்டர் பாக்ஸ் ஏழடி நீளம், மூன்றடி அகலம். அதை முழுக்கப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

பல நகராட்சி லீக்குகளில் பிளேட்டுக்குப் பின்னால் ரப்பர் மேட் விரித்து, பந்து பிளேட்டிலோ மேட்டிலோ விழுந்தால் ஸ்ட்ரைக், அதாவது அடித்திருக்க வேண்டிய நல்ல பந்து, என்கிறார்கள். பிளேட்டின் முன்விளிம்புக்கு மூன்றடி பின்னால், மேட்டின் கடைசியில், விழப்போகும் உயரமான பந்து முன்விளிம்பைத் தாண்டும்போது ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே! தூக்கி அடிக்க இதைவிடத் தோதான உயரம் கிடையாது. அதே பந்து முன்விளிம்பில் விழுமானால், அங்கே அது கணுக்காலுக்கும் கீழே இருக்கும். அதைத் தூக்கப் பார்த்தால் பேட் நுனிதான் படும்.

ஆகவே குறைவாகப் போடும் பிட்ச்சர் என்றால் பாக்ஸில் முன்னேறி நிற்க வேண்டும், ஆழமாகப் போடுபவர் என்றால் பின்கோட்டை ஒட்டி. ஒவ்வொரு முறையும் அதே குழியில் காலை ஊன்றிவிட்டு, பந்து சரியில்லை என்று பிட்ச்சரைக் குறை சொல்வதில் பயனில்லை.

மே 14, செவ்வாய்

பேட். நீளம் 34 அங்குலத்துக்கும் விட்டம் 2.25 அங்குலத்துக்கும் மேல் போகக் கூடாது. எடையில் உச்சவரம்பு 38 அவுன்ஸ், ஆனால் இன்று லீக்குகளில் புழங்குவது 25 முதல் 30 வரைதான். பெரும்பாலோருக்கு 26 அல்லது 27 சரியாக வரும்.

மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். எண்ட்லோடு பேட்டில் அரை அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை நுனிப்பக்கம் கூடுதலாக ஏற்றியிருப்பார்கள். தராசில் எடை சீராகப் பரவிய பேலன்ஸ்ட் பேட்டும் அதுவும் ஒரே எடை காட்டலாம், சுழற்றும்போது எண்ட்லோடு கனக்கும். வேகம் குறையாமல் அதைச் சுழற்ற முடிந்தால் பந்து கூடுதல் தூரம் போகும். முடியாவிட்டால் போனது வேகம், வந்தது இழப்பு. வாங்கும் முன் ஒரு சோதனை: களைத்த நிலையில், பயிற்சியின் கடைசியில், அந்த பேட்டால் அடித்துப் பார்க்க வேண்டும். பந்துகள் தொடர்ந்து எதிர்ப்பக்கமாகவே போனால் (வலக்கைக்காரருக்கு வலப்பக்கம்) பேட் தாமதமாக வருகிறது, அந்த பேட் வேண்டாம். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது கடையில் வீசிப் பார்த்தால் எல்லா பேட்டும் லேசாகத்தான் இருக்கும்.

பேட்டில் உள்ள அனுமதி முத்திரையைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. யுஎஸ்ஏ சாஃப்ட்பாலுக்கு (2017 வரை ஏஎஸ்ஏ என்று இருந்தது) ஒரு முத்திரை, யுஎஸ்எஸ்எஸ்ஏவுக்கு வேறொன்று. ஏஎஸ்ஏ 2004இல் கொண்டுவந்த தரப்படி, ஆய்வகச் சோதனையில் பந்து மணிக்கு 98 மைலுக்கு மேல் கிளம்பக் கூடாது. லீக் எந்த முத்திரையை ஏற்கும், எந்தப் பந்தை வைத்து ஆடும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்தில் 52/300 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் துள்ளும் திறன், அதாவது 0.52. இரண்டாவது, பந்தைக் கால் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் விசை, 300 பவுண்டு.

புது காம்போசிட் பேட்டைப் பழக்க வேண்டும். பக்கத்திலிருந்து ஒருவர் மெதுவாகப் போட்டுத் தர, பாதி பலத்தில் தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் பேட்டைக் கால் சுற்றுத் திருப்பி, நூறு இருநூறு அடிகள். லீக் பந்தால் மட்டும். பயிற்சிக் கூண்டின் பந்து மெஷின்களில் போடும் குழிகுழியான ரப்பர் பந்தும், மழையில் ஊறிய பழைய பந்தும் பேட்டுக்கு எமன்.

பேட்டை உருளையில் கொடுத்து நசுக்குவது, உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்குவது இரண்டும் மோசடி. மோசடி என்பதோடு போகவில்லை. 98 மைல் வேகத்தில் நேரே திரும்பும் பந்து பிட்ச்சரை எட்ட மூன்றில் ஒரு விநாடிதான். முகக்கவசம் போட்டிருந்தாலும் கையை உயர்த்த நேரம் இருக்காது. நல்ல பேட்டை வைத்திருப்பவரும் பலமான அடியை நடுவில் விடாமல் இடைவெளிகளில் விடுவதுதான் மரியாதை.

மே 28, செவ்வாய்

பயிற்சிக்கு டீ (பந்தை மேலே தாங்கி நிற்கும் தண்டு), வலை, ஒரு கயிறு போதும். டீயை இடுப்புக்குச் சற்றுக் கீழே, முன்காலுக்கு நேராக வைக்க வேண்டும். அங்கிருந்து 20 அடி தள்ளி, 12 அடி உயரத்தில் கயிறு கட்ட வேண்டும். பந்து கயிற்றை ஒட்டிப் போனால் கோணம் ஏறத்தாழ 25 டிகிரி, தூரத்துக்கு வேண்டியது அதுதான். கயிற்றுக்கு மிக மேலே போனால் உயரம் மட்டும் தேறும், வேலிக்கு முன்னாலேயே கேட்ச்.

பேட்டில் மாஸ்கிங் டேப் சுற்றி அடித்தால் பந்து பட்ட இடம் தடமாகத் தெரியும். நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு அங்குலம் வரை தடங்கள் குவிய வேண்டும். நுனியிலேயே குவிந்தால் கை உடம்பை விட்டு விலகிப் போகிறது, அல்லது தள்ளி நிற்கிறோம். கைப்பிடிப் பக்கம் குவிந்தால் நெருங்கி நிற்கிறோம்.

வழக்கமான இரண்டு கேடுகள். பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) உருண்டு போனால், படுவதற்கு முன்பே மணிக்கட்டு புரண்டுவிட்டது. படும் கணத்தில் மேல்கையின் உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும், புரள்வது அதற்கப்புறம். பந்து நேர்மேலே எகிறினால் பின்தோளை அளவுக்கு மீறி இறக்கி, பந்தின் அடியைச் சீவியிருக்கிறோம். இறங்கி வரும் பந்துக்கு மேல்நோக்கிய ஸ்விங் வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஏற்றம் இடுப்பின் சாய்விலிருந்து வர வேண்டும், தோளைத் தொங்கப்போட்டு அல்ல.

ஜூன் 11, செவ்வாய்

பல லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை ஹோம் ரன்தான் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டி வேலிக்கு வெளியே போனால் அவுட். ஆகவே ஸ்கோரரிடம் எண்ணிக்கை கேட்காமல் பாக்ஸில் நுழையக் கூடாது. வரம்பு முடிந்துவிட்டால் கயிற்றுக்குக் கீழே போகும் அடிதான்: 12 முதல் 15 டிகிரி. நாலு அவுட்ஃபீல்டர்களும் பலசாலி வருகிறார் என்று வேலியோரம் போய் நிற்கிறார்களா, அவர்களுக்கு முன்னாலும் இடையிலும் இடம் தானாகத் திறக்கும்.

இரண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடித்தாலும் அவுட் என்பதால், பலத்தைக் காட்டுவது அதற்கு முன்னால். எண்ணிக்கையை 1-1இல், அதாவது ஒரு தவறான பந்து, ஒரு ஸ்ட்ரைக் என்று வைத்தே, தொடங்கும் லீக்குகளில் அதற்கு ஒரு பந்துதான் கிடைக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

வெயில். சூட்டில் பந்து மெத்தென்று ஆகிறது. பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அமுங்கிய பந்து வேலியை எட்டாது. பந்துப் பெட்டியைக் கார் டிக்கியில் விடாமல் நிழலில் வைக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

அடி வயிற்றின் பக்கத் தசையும் கீழ்முதுகும் முதலில் புகார் செய்யும். வார்ம் அப் இல்லாமல் முதல் ஸ்விங்கையே முழு பலத்தில் வீசுவதுதான் காரணம். பேட்டின் குமிழைச் சுண்டுவிரலுக்கு வெளியே விட்டுப் பிடித்தால் சுழற்சி கூடும். ஆனால் குமிழ் உள்ளங்கையில் வந்து முட்டும். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடியில் ஹேமேட் என்றொரு சின்ன எலும்பு உண்டு. அதன் கொக்கி முறிவது பேட் பிடிக்கும் எல்லா ஆட்டத்திலும் தெரிந்த சங்கதி. அந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் பிடியை மாற்றிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

கம்பெனி லீக்குகளில் சேரும் நம்மூர் ஆட்கள் கிரிக்கெட்டிலிருந்து வருகிறார்கள். இடுப்பைத் திருப்பி மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கும் பழக்கம் இங்கே பெரிய சொத்து. கெடுப்பது முன்கால். பந்து குத்தும் இடத்துக்கே இறங்கிப் போய் அடி என்று சின்ன வயதிலிருந்து கோச் சொல்லிச் சொல்லி ஊறியிருக்கும். இங்கே பந்து குத்தவே போவதில்லை, அது நம்மிடம் வந்து சேரும் வரை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பழக்கம் விடும்வரை பயிற்சியில் எட்டே வைக்காமல், இரு காலையும் அகல ஊன்றி அடிப்பது நல்ல மருந்து. அடித்துவிட்டு பேட்டோடு ஓடுவதும் கூடாது. கீழே போட வேண்டும், வீசவும் கூடாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பலசாலிக்குப் பிட்ச்சர் வைத்திருக்கும் பதில் தட்டைப் பந்து. 6 அடி உயரத்தில் மட்டும் வளைந்து வரும் பந்து 0.9 விநாடியில் வந்துவிடும், இறங்கும் சாய்வு 15 டிகிரிதான். 12 அடிப் பந்துக்குப் பழகிய ஸ்விங் அதற்குக் கீழே புகுந்து வெளியேறும், கேட்ச் நிச்சயம். இதற்கு ஸ்விங்கைத் தட்டையாக்க வேண்டும், காலையும் முன்னதாகவே, பந்து கையை விட்டதும், வைத்துவிட வேண்டும். உயரப் பந்தும் தட்டைப் பந்தும் மாற்றி மாற்றிப் போடுபவரிடம் உச்சியைப் பார்த்துக் காலை வைக்கும் கணக்கு செல்லாது. அவர் கை பந்தை விடும் உயரத்தையும் முதல் பத்தடியில் பந்து ஏறும் சாய்வையும் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் அவர் வார்ம் அப் பந்துகளைப் போடும்போது பெஞ்சில் உட்காராமல் வேலியோரம் பக்கவாட்டில் நின்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.