ராணிப்பேட்டையில் பத்தரை மணி டீ

நான் பிறந்து வளர்ந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகி வந்த ஊர் ராணிப்பேட்டை. மொழி ஒன்றுதானே, சாப்பாடும் ஏறக்குறைய அதேதானே, சீக்கிரம் பழகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பெரும்பாலும் பழகியும்விட்டது. அக்னி நட்சத்திர வெயில், அத்தை வைக்கும் கருவாட்டுக் குழம்பு, விசாவுக்கான அலைச்சல் எல்லாமே. உடம்பு ஏற்றுக்கொள்ளத் திணறியது வேலை செய்யும் இடத்து டீயைத்தான்.

தேயிலைக்கே பிறந்தவளுக்கு டீ ஒத்துக்கொள்ளவில்லையா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பிருந்த கோப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிய, மலை முழுக்கத் தேயிலையானது. அந்தச் செடிதான் எங்கள் ஆட்களின் பிழைப்பு. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தில் நாங்கள் குடித்தது பாலில்லாத வெறும் சாயத்தண்ணி. பால்மா வாங்கினால் அது சின்னப் பிள்ளைக்கு. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, நக்கிக்கொண்டே, கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பை குடிப்பார். அந்தக் குளிருக்கு அது வேண்டியிருந்தது. பல நாள் அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடும்.

இங்கே எனக்கு வேலை, ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில். காலையில் வீட்டில் ஃபில்டர் காபி, பத்தரைக்குக் கம்பெனி டீ, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது கேட்டுக்கு வெளியே இன்னொன்று. இலங்கைத் தேயிலை பெரும்பாலும் இலையைச் சுருட்டிப் பக்குவம் செய்வது. இங்கே கடைகளில் போடுவது சி.டி.சி. தூள். இலையை நசுக்கிப் பொடிப்பொடியாக உருட்டுவதால் சாயமும் துவர்ப்பும் காஃபினும் சட்டென்று இறங்கிவிடும். அதையும் பாலில் விட்டுத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கிறார்கள். ருசியைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நடுராத்திரி தாண்டியும் தூக்கம் வராது, நெஞ்சு படபடவென்று அடிக்கும். குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரமாகும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நேரம் பிடிக்கும். மூன்றரை மணி டீயின் பாதி எட்டரைக்கும் ரத்தத்தில் இருந்தால் தூக்கம் எப்படி வரும்?

குறைக்கலாம் என்று பார்த்தால், அங்கே டீ வெறும் டீ இல்லை. பெல் அடித்ததும் மிஷின்கள் நிற்கும். எவர்சில்வர் கேனின் குழாயடியில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், விரலில் காய்ந்து ஒட்டிய சொல்யூஷன் பசையை உருட்டி எடுத்தபடியே. குனிந்த தலை நிமிர்வது அப்போதுதான். பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், குழுக் கடன், நாத்தனார் சண்டை எல்லாம் அந்தப் பேப்பர் கப் காலியாவதற்குள் பேசியாக வேண்டும். நான் கப் எடுக்காமல் நின்றால், "இன்னாக்கா, டீ வாணாமா? ஒடம்பு சரியில்லியா?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

அவர்களோடு நின்றதில்தான் இன்னொன்று தெரிந்தது. பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள். சோளிங்கர், காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி வண்டி விடிந்ததும் வந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் சமைத்து, டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு ஓடி வருகிறார்கள். சர்க்கரை தூக்கலான அந்த டீதான் மதியம் வரை தாங்குகிறது. அடிக்கடி எழுந்து போக முடியாது என்று தண்ணீரும் குடிப்பதில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. கடல் தாண்டி வந்தும் என் அம்மாவின் சாயத்தண்ணிதான் கண் முன்னால் இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணம் பல. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. அதனால் நான் முதலில் விட்டது மதியச் சாப்பாட்டு டீயை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள் என்று தெரிந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. காஃபின் நின்றால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும், எரிச்சல் வரும், வேலை ஓடாது. சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தேன். பத்தரை மணி டீ அரைக் கப்பானது. மூன்றரைக்கு டீக்குப் பதிலாக வேறு ஏதாவது போட முடியுமா என்று கம்பெனியில் டீ போடும் அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கின்னா, போட்டுட்டா போச்சு" என்று சின்னக் கேனில் சுக்குமல்லி போட ஆரம்பித்தார். அதில் காஃபின் கிடையாது, வரிசையில் நிற்பதும் பேசுவதும் போகவில்லை. இப்போது அந்தக் கேனும் காலியாகிவிடுகிறது. காலைக் காபியை மட்டும் விடவில்லை. அத்தை டிகாஷனைக் குறைத்துப் பாலை அதிகம் விடுகிறார், அது போதும். தூக்கம் திரும்ப வந்துவிட்டது.

காலை இடைவேளையில் டீயோடு ஏதாவது சுண்டல் கொடுக்கலாமே என்று மேலே கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. இந்தப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. அதனால் எங்கள் பிரிவிலும் தையல் பிரிவிலும் சிலர் சேர்ந்து சீட்டுக் கட்டுவது மாதிரி காசு போட்டு வாங்கி, முறை வைத்து வேகவைத்துக் கொண்டுவருகிறோம். மழைநாளில் வண்டி தாமதமானால் முறை மாறும், அவ்வளவுதான்.