வெள்ளவத்தை மொட்டைமாடியில் விமானக் கோடு பார்த்த கதை

கொழும்புக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும் விமானங்களில் அநேகமானவை இலங்கையில் காலே வைக்காதவை. வளைகுடாப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவை, அல்லது அங்கிருந்து திரும்புகிறவை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகிறவை இப்படிக் கோடு போடுவதில்லை. ஏன் என்று பார்க்கத்தான் ஜனவரியில் இந்த வேலையைத் தொடங்கினேன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இங்கே அண்ணாந்து பார்த்தால் மேகத்தின் அடிவயிறுதான் தெரியும். தை, மாசிக் காலைகள்தான் தோதானவை.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடி, ஒரு பிளாஸ்டிக் கதிரை, பழைய பைனாகுலர், விமானத்தின் பாதையையும் உயரத்தையும் காட்டும் கைப்பேசிச் செயலி, ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு). கதிரையைத் தண்ணீர்த் தாங்கியின் நிழலுக்குள் போட்டுக்கொள்வேன். பைனாகுலர் தப்பித் தவறியும் சூரியன் பக்கம் திரும்பிவிடக் கூடாது. கொப்பியில் நேரம், உயரம், எஞ்சின் எத்தனை, கோடு எத்தனை விநாடி நின்றது என்று நான்கு நிரல்கள்.

பக்கம் நிரம்ப நிரம்ப உயர நிரல்தான் பேசத் தொடங்கியது. 33,000, 34,000 அடியில் போனவை பெரும்பாலும் வெறுமனே போயின. 38,000 அடிக்கு மேலே போனவை ஏறக்குறைய எல்லாமே கோடு போட்டன. இடைப்பட்ட உயரங்களில் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. ஒரு காலையில் 40,000 அடியில் மேற்கு நோக்கிப் போன விமானம் பளிச்சென்று கோடு போட்டது. சற்று நேரத்தில் அதன் கோட்டுக்குக் குறுக்கே 35,000 அடியில் கிழக்கே போனது ஒரு கீறல்கூட விடவில்லை. (கிழக்கே போகிறவைக்கு 35, 37, 39 ஆயிரம், மேற்கே போகிறவைக்கு 36, 38, 40 ஆயிரம் என்று ஒற்றை இரட்டையாகப் பிரித்துக் கொடுப்பதுதான் பொது விதி. கொப்பியிலும் அப்படியே விழுந்திருந்தது.)

காரணம் குளிர். எரிபொருளில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 1.25 கிலோ நீராவி வெளிவரும். அந்தச் சூடான ஈர வாயு வெளிக்காற்றோடு கலந்து ஆறும்போது, சுற்றிலும் போதிய குளிர் இருந்தால் நீராவி துளியாகி, உடனே பனிப் பளிங்காக உறைந்துவிடும். எந்த வெப்பநிலையில் இது நடக்கும் என்ற கணக்கை 1941இல் ஜெர்மனியின் ஷ்மிட்டும் 1953இல் அமெரிக்காவின் ஆப்பிள்மனும் தந்தார்கள். தோராயமாக மறை 40 (-40) பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் 9 கிலோமீற்றரிலேயே அந்தக் குளிர் கிடைத்துவிடும். நமக்கு மேலே 11 கிலோமீற்றருக்கு (ஏறத்தாழ 36,000 அடி) போனால்தான் மறை 41 அளவு வரும், 12.4 கிலோமீற்றரில் மறை 53. என் கொப்பியில் கோடு வராத உயரத்துக்கும் வந்த உயரத்துக்கும் நடுவே இந்த எல்லைதான் ஓடுகிறது. குளிர்நாட்டில் இருந்து வந்த உறவினர்கள் "இங்கே வானத்தில் கோடே இல்லையே" என்பதற்கும் இதுவே பதில்.

துளி உருவாக ஏதாவது ஒரு தூசி வேண்டும். எஞ்சின் புகைக்கரி அந்த வேலையைச் செய்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம் என்று அக்காவின் மகனைக் கூப்பிட்டேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, குலுக்கி, இறுக மூடி, இரண்டு கையாலும் பிழிந்துவிட்டுச் சட்டென்று விட்டோம். போத்தல் தெளிவாகவே இருந்தது. பிறகு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைப் போத்தலுக்குள் விட்டு மூடினோம். பிழிந்து விட்டதும் உள்ளே பால் கலந்ததுபோல வெண்மை. மறுபடி பிழிந்தால் மறைந்தது. "மாமா, அப்போது வானத்தில் தெரிவது புகையா, மேகமா?" என்றான். "மேகம்தான். புகை அதற்கு வித்து" என்றேன். அதற்குப் பிறகு தீப்பெட்டி தீரும்வரை அவன் எழும்பவில்லை.

நீளத்தை அளப்பது சுலபம். விமானம் விநாடிக்கு ஏறக்குறைய 250 மீற்றர் போகிறது. கோட்டின் ஒரு புள்ளி தோன்றி மறைய இருபது விநாடி எடுத்தால் கோட்டின் நீளம் 5 கிலோமீற்றர். காய்ந்த நாளில் இந்தக் குட்டைக் கோடுகள்தான். மேல்காற்று ஏற்கனவே ஈரத்தில் ஊறியிருந்தால் கோடு அழியாமல் நின்று, அகன்று, பஞ்சு மேகமாகப் பரவும். ஒரு பெரிய விமானம் 250 மீற்றர் தூரத்துக்கு விடும் நீர் இரண்டு லீற்றர் அளவுதான். அவ்வளவு அகலமான மேகத்துக்கு அது எப்படிப் போதும்? மீதி ஈரம் முழுவதும் சுற்றியுள்ள காற்றிலிருந்தே வருகிறது. பத்து நிமிடமாவது நிலைத்த கோட்டை, உலக வானிலை அமைப்பின் 2017ஆம் ஆண்டு மேகப் பட்டியல் மனிதர் உண்டாக்கிய கீற்று மேகம் என்று தனியே வகைப்படுத்துகிறது.

பைனாகுலரில் பார்த்தால் எஞ்சினுக்கும் கோட்டின் தலைக்கும் இடையே ஒரு வெறும் இடைவெளி தெரியும். வாயு கலந்து ஆறுவதற்கான தூரம் அது. இரண்டு எஞ்சின் என்றால் முதலில் இரண்டு இழை, பின்னால் போகப் போக ஒன்றாகிவிடும். நான்கு இழை கண்டால் செயலியைப் பார்க்காமலே பழைய போயிங் 747 அல்லது எயார்பஸ் ஏ380 என்று ஊகிக்கலாம்.

இந்தக் கோடுகள் மேகமல்ல, விமானத்திலிருந்து மருந்து தெளிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்கு நான் இப்போது வாதாடப் போவதில்லை. கொப்பியின் உயர நிரலைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன். மருந்து தெளிப்பவன் 34,000 அடியில் மட்டும் ஏன் விடுமுறை எடுக்கிறான் என்று அவர்களே யோசிக்கட்டும்.

அடுத்ததாக 35,000 முதல் 37,000 அடி வரையான அந்த இழுபறி உயரங்களை மட்டும் எடுத்து, வானிலை பலூன்கள் தரும் மேல்காற்று வெப்பநிலையோடு நாள்வாரியாக ஒப்பிட இருக்கிறேன். அதற்கு ஐந்தாவதாக ஒரு நிரல் வரைந்தாயிற்று.